தோள் வலியும் சர்க்கரையும்: எங்கள் நங்கையின் இரவுகள்

தோள்பட்டை வலியால் இரவில் தூங்க முடியவில்லை என்று யாராவது சொன்னால், எங்கள் அவிநாசி வட்டாரத்தில் விசாரிக்கும் முன்பே விடை வந்துவிடும். வாய்வு பிடித்திருக்கும், சுளுக்கு விழுந்திருக்கும், தலையணை உயரமாக இருந்திருக்கும், ஒரே பக்கமாகப் படுத்திருப்பீர்கள். காரணம் இவற்றில் எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்: தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டு, கையை முடக்கிப் போடாமல் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேலை வாங்கினால் தானாக விட்டுவிடும். உழைப்பை நம்பி வாழும் ஊரில் உழைப்பையே மருந்தாகச் சொல்வது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவருடைய தோள் இந்த வைத்தியத்தால் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்த பிறகு, அந்த அறிவுரையை யார் சொல்லக் கேட்டாலும் என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். எங்கள் நங்கைக்கு ஐம்பதை ஒட்டிய வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல ஆண்டுகளாகச் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் உருப்படியை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, துணியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, பிசிறு வெட்டி அடுத்த அடுக்கில் வைக்க வேண்டும். நாள் முழுவதும் நின்றபடி, கைகளை முன்னால் நீட்டியே செய்யும் வேலை. ஆகவே தோள் வலி வந்தபோது அதை வேலை வலி என்று அவரே முடிவு செய்துகொண்டார். வீட்டாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கத்தரி பிடிப்பதும் உருப்படியை இழுப்பதும் வலது கை. வலித்ததோ இடது தோள். அந்த முரண் யார் கண்ணிலும் படவில்லை.

வலி முதலில் இரவில் மட்டும் வந்தது. பிறகு பகலில் சில அசைவுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியவில்லை. குனிந்து, தலையைச் சாய்த்து, வலது கையால் மட்டும் முடியைச் சுற்றிக் கிளிப் மாட்டிக்கொண்டார். உள்ளாடையின் பின்கொக்கியை முன்னால் மாட்டிவிட்டு உடம்பைச் சுற்றித் திருப்பிக்கொள்ளத் தொடங்கினார். கொடியில் துணி காயப்போடும் வேலை மெல்ல மகளிடம் போயிற்று. இவை எதையும் அவர் நோயாகச் சொல்லவில்லை. உடம்பு ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசாமலே நாட்களைக் கடத்தும் திறமை நம் வீட்டுப் பெண்களுக்கு மிக அதிகம். அந்தத் திறமையே பல மாதங்களுக்கு அவருடைய நோயை மறைத்து வைத்தது.

மாரியம்மன் நோம்பிக்குப் போய் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, நள்ளிரவு தாண்டித் தண்ணீர் குடிக்க எழுந்தேன். நங்கை ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடித்த போர்வையை விலாவுக்கும் இடது முழங்கைக்கும் நடுவே செருகி, அந்தக் கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தார். “ஏனுங்க நங்கை, தூங்கலீங்களா?” என்று கேட்டேன். “ராத்திரியானா இந்தக் கைய எங்க வெக்கறதுன்னே தெரீல கண்ணு. பகல்ல வேலைல மறந்து போகுது. படுத்தாத்தான் எந்திரிச்சுக்குது” என்றார். மறுநாள் காலை ஏழரைக்குக் கம்பெனி வண்டி வரும். அதில் ஏறி எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் ஒருவர் இப்படி உட்கார்ந்தே இரவுகளைக் கழித்துக்கொண்டிருந்தார் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இரவில் மட்டும் ஏன்

பகலில் பொறுத்துக்கொள்ள முடிந்த வலி படுத்ததும் எழுந்துகொள்வதற்கு மனம் காரணமில்லை. நிற்கும்போதும் உட்காரும்போதும் கையின் எடை மூட்டைச் சற்றே கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. தோள் எலும்பின் மேற்கூரைக்கும் மேற்கையின் உருண்டைத் தலைக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் ஒரு சிறிய நீர்ப்பையும் அதில்தான் இருக்கின்றன. படுத்ததும் அந்த இழுப்பு போய்விடுகிறது. இடைவெளியில் அழுத்தம் கூடுகிறது. நோயுள்ள பக்கமாகவே படுத்தால் உடம்பின் எடையும் அதன்மேல் ஏறுகிறது. மல்லாந்து படுத்தால் மேற்கை உடம்பின் மட்டத்துக்குக் கீழே சரிந்து, மூட்டைச் சுற்றியிருக்கும் புண்பட்ட உறையின் (மூட்டுறையின்) முன்பக்கத்தை இழுக்கிறது. நல்ல பக்கமாகப் படுத்தால் நோயுள்ள கை மார்பின் குறுக்கே விழுந்து பின்பக்கத்தை இழுக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்று இழுபடுகிறது. கையை எங்கே வைப்பது என்று நங்கை கேட்டதன் உடற்கூறு இதுதான். இதோடு, அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நம் உடம்பில் நள்ளிரவை ஒட்டித்தான் மிகக் குறைவாக இருக்கும். அசையாமல் கிடக்கும் மூட்டு இறுகுவதும், கவனத்தைத் திருப்ப வேறு வேலை இல்லாததும் சேர்ந்துகொள்கின்றன.

தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் திறனும் குறைகிறது. சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க மறுக்கிறது. ஆகவே இரவு வலியைச் சிறிய தொந்தரவாக ஒதுக்குவது சரியல்ல. வைத்தியத்தில் அதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கை வைத்தவர்கள்

நோம்பி முடிந்த கையோடு நங்கையின் தோள் குடும்பத்தின் பொதுப் பிரச்சினையாயிற்று. நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார்கள். இதமாக இருந்தது, சூடு தணிந்ததும் வலி திரும்பிற்று. ஒத்தடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்து நடந்ததுதான் தவறு. சுளுக்கு எடுப்பதில் பேர்பெற்ற ஒருவரிடம் அழைத்துப்போனார்கள். அவர் எண்ணெய் தேய்த்து, அக்குளில் கால் கொடுக்காத குறையாகக் கையைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தார். அன்றிரவும் அடுத்து வந்த இரவுகளிலும் நங்கை உட்கார்ந்தும் தூங்கவில்லை. “கட்டு விடும்போது அப்படித்தான் வலிக்கும்” என்று சொல்லி மீண்டும் வரச் சொன்னார்கள். வலித்தால்தான் நோய் விடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அழற்சி முற்றியிருக்கும் மூட்டில் அது அப்பட்டமான கேடு.

பிறகு ஓர் ஆங்கில மருத்துவரிடம் போனார்கள். அவர் செய்த ஒரு காரியம் முற்றிலும் சரியானது: இடது தோள் என்பதால் முதலில் இ.சி.ஜி. எடுத்து இதயத்தில் சிக்கல் இல்லை என்று உறுதி செய்தார். நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து, நின்றால் அடங்கும் தோள் வலியும், வியர்வை, மூச்சு வாங்கல், தாடைக்கு ஏறும் வலி இவற்றோடு வரும் தோள் வலியும் மாரடைப்பின் முகமாக இருக்கலாம். அதற்குத் தைலம் தேடிக்கொண்டு ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. இ.சி.ஜி. நன்றாக இருக்கவே, வலி ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை இருக்கும்வரை வலி குறைந்திருந்தது. தீர்ந்ததும் சீட்டைக் காட்டி மெடிக்கலில் மீண்டும் மீண்டும் வாங்கிக்கொண்டார். அடுத்து இன்னோரிடத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள், தசைநாணில் சிறு கிழிசல் என்று அறிக்கை வந்தது. கிழிசல் என்ற சொல்லைப் படித்ததும் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்துவிட்டது. அண்ணன் காட்டை, எங்கள் பக்கத்தில் விவசாய நிலத்தைச் சொல்வது அப்படித்தான், அடகு வைப்பது வரை யோசித்துவிட்டார்.

தோள் ஸ்கேன் அறிக்கையைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் தோள் வலியே இல்லாத 411 பேரை அல்ட்ராசவுண்டில் பார்த்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 23 விழுக்காட்டினருக்குத் தசைநாண் கிழிசல் இருந்தது. வயது ஏற ஏற அந்த விழுக்காடும் ஏறியது. எண்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு இருந்தது. தலை நரைப்பதைப் போலத் தசைநாணும் தேய்கிறது. படத்தில் ஒரு கிழிசல் தெரிந்துவிட்டால் வலிக்குக் காரணம் அதுவே என்று சொல்லிவிட முடியாது. கையை அசைத்துப் பார்த்தவர் சொல்வதும் படம் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். அதுவரை நங்கையின் கையை யாரும் முறையாக அசைத்துப் பார்க்கவில்லை. தேய்த்தார்கள், இழுத்தார்கள், படம் பிடித்தார்கள்.

விலாவோடு ஒட்டிய முழங்கை

அறுவை சிகிச்சைக்கு முன் இன்னொருவர் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று ஓர் இயன்முறை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இளைஞர், கட்டில் ஒன்றும் நாற்காலி இரண்டும் போட்ட சிறிய அறை. ஸ்கேன் உறையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நங்கையை நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க வைத்துக்கொள்ளச் சொன்னார். முழங்கை விலாவை விட்டு நகராமல் முன்னங்கைகளை மட்டும் வெளிப்பக்கம் கதவு திறப்பதுபோல விரிக்கச் சொன்னார். வலது கை தாராளமாகத் திறந்தது. இடது கை கொஞ்சமும் திறக்காமல் நேர்முன்னாலேயே நின்றுவிட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விளங்க வைத்தது. “கையைத் தளர்வா விட்டுருங்கம்மா. நீங்க எதும் பண்ண வேண்டாம், நான் திருப்பறேன்” என்று சொல்லிவிட்டு, இடது முழங்கையை ஒரு கையால் விலாவோடு பிடித்து, மணிக்கட்டை மறு கையால் ஏந்தி மிக மெதுவாக வெளியே திருப்பினார். அவர் திருப்பியும் கை போகவில்லை. தசைநாண் பெரிதாகக் கிழிந்திருந்தால் நோயாளியால் தானாகக் கையைத் தூக்க முடியாமல் போகலாம். ஆனால் பிறர் தூக்கிவிட்டால் கை போகும். இங்கே யார் திருப்பினாலும் ஒரே இடத்தில் நின்றது. வலிக்குப் பயந்து நங்கை பிடித்துக்கொள்கிறாரோ என்று அவர் பேச்சுக் கொடுத்தபடி, மூச்சை விடச் சொல்லி, மறுபடி திருப்பிப் பார்த்தார். அதே இடம். தோள்பட்டை எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கையைப் பக்கவாட்டில் தூக்கினார். மூட்டு அசையாமல் எலும்போடு சேர்ந்து எல்லாமே மேலேறுவதை எனக்குத் தொட்டுக் காட்டினார். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகவில்லை. அதன் பிறகுதான் ஸ்கேனைப் பிரித்தார். எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் இல்லை என்பதையும் பார்த்தார்.

பிறகு அவர் கேட்ட கேள்வி தோளைப் பற்றியதாகவே இல்லை. “சுகர் எப்பப் பாத்தீங்கம்மா?”

நங்கை பார்த்ததே இல்லை. இத்தனை மாதம் இத்தனை பேரிடம் போயும் யாரும் கேட்டதில்லை. அடுத்த நாள் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையில் அளவு எட்டைத் தாண்டியிருந்தது. ஆறரையைத் தொட்டாலே நீரிழிவு என்பது கணக்கு. தோள் வலிக்காக மருத்துவரிடம் போன ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

நோயின் பெயர் உறைதோள். ஃப்ரோஸன் ஷோல்டர் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். சித்த மருத்துவர்கள் கும்பவாதம் என்ற தலைப்பில் இதை வைத்துப் பார்க்கிறார்கள். பாரீஸ் மருத்துவர் டூப்ளே 1872-இல் இதை விவரித்தார். அமெரிக்க மருத்துவர் காட்மன் 1934-இல் இந்தப் பெயரை வைத்தபோதே, விளக்கவும் கடினம், குணப்படுத்தவும் கடினம் என்று எழுதினார். மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய உறை அழற்சியுற்று, தடித்து, சலவையில் சுருங்கிய பனியன் துணியைப் போல மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. பொதுவாக நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும் என்றால், சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். அவர்களுக்கு நீண்ட நாள் நீடிக்கவும் செய்கிறது. இரத்தத்தில் கூடிய சர்க்கரை மூட்டுறையிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்க வைப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. கனமான வேலை செய்யாத கையிலும் வரும் என்பதால், நங்கைக்கு இடது தோளில் வந்ததில் வியப்பு ஒன்றுமில்லை.

வலிக்கும் தோளெல்லாம் உறைதோள் என்று நினைத்துவிடவும் கூடாது. தறிக்குடோனில் வேலை பார்க்கும் ஆண்களுக்கும், தலைக்கு மேல் கை தூக்கிச் செய்யும் தொழிலில் உள்ளவர்களுக்கும் வருவது பெரும்பாலும் தசைநாண் வலி: பக்கவாட்டில் கையைத் தூக்கும்போது நடுவழியில் சுருக்கென்று பிடித்து, மேலே போனதும் விட்டுவிடும், முன்னங்கையை வெளியே திறக்கும் அசைவு தடைபடாது. திடீரென்று ஓரிரவில் தொடவே விடாத அளவுக்கு வலி ஏறினால் தசைநாணில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம், எக்ஸ்ரே காட்டிவிடும். வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை மரமரப்பாக இறங்கி, கையைத் தலைமேல் வைத்தால் இதமாக இருந்தால், மூலம் கழுத்தில் இருக்கும். வலது தோளில் சாப்பாட்டுக்குப் பின் வரும் வலி பித்தப்பையிலிருந்தும் வரலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கட்டி, பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு ஓயாத தோள் வலியோடு உள்ளங்கை வலுவிழப்பு, விழுந்தபின் கையைத் தூக்கவே முடியாமை ஆகியவை இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

படுக்கையும் பயிற்சியும்

உறைதோள் மூன்று கட்டங்களாக நகரும். வலி ஓங்கி அசைவு குறையும் கட்டம் இரண்டிலிருந்து ஒன்பது மாதம்; வலி தணிந்து இறுக்கம் மிஞ்சும் கட்டம் நான்கிலிருந்து பன்னிரண்டு மாதம்; மெல்ல இளகும் கட்டம் அதைவிட நீளம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே வைத்தியம் அமைய வேண்டும். நங்கையின் கையை இழுத்தவர், வலி ஓங்கிய முதல் கட்டத்தில் இழுத்தார். நெதர்லாந்தில் 77 உறைதோள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வு இதற்கு நேரடியான விடை தருகிறது. வலியின் எல்லைக்குள் மென்மையாக அசைத்துவந்தவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டாண்டு முடிவில் ஏறக்குறைய இயல்பான தோளைப் பெற்றார்கள். வலியைத் தாண்டி வலுவாக நீட்டிப் பயிற்சி செய்தவர்களில் அப்படித் தேறியவர்கள் 63 விழுக்காடே. வலித்தால்தான் விடும் என்று இனி யாராவது சொன்னால் இந்த எண்களைச் சொல்லுங்கள்.

அந்த இயன்முறை மருத்துவர் பயிற்சிக்கு முன் படுக்கையைத் தான் சரிசெய்தார். மல்லாந்து படுக்கும்போது முழங்கைக்கும் மேற்கைக்கும் அடியில் மடித்த போர்வையை வைத்து, கை உடம்பின் மட்டத்துக்குக் கீழே சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னங்கை வயிற்றின் மேல் இருக்கலாம். நல்ல பக்கமாகப் படுத்தால் மார்புக்கு முன்னால் ஒரு தடித்த தலையணையை அணைத்து, நோயுள்ள கையை அதன்மேல் கிடத்த வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் கொடுத்துப் பாதி உட்கார்ந்த நிலையில் தூங்குவதிலும் தவறில்லை. பாயில் படுப்பதைச் சிறிது காலம் விட்டுவிடச் சொன்னார். தரையில் கையூன்றி எழும் அந்த ஒரு அசைவே நாள் முழுவதுக்குமான வலியைக் கிளப்பிவிடுகிறது. படுக்கப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் வெந்நீர்ப் பை. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோலில் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால், துணி சுற்றி, சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கையைத் தாங்கும் இந்த ஏற்பாடு மட்டுமே முதல் வாரத்தில் நங்கைக்குச் சில மணி நேரத் தொடர் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

வலி மாத்திரையை அவரே வாங்கிப் போடுவதை மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். டைக்ளோஃபெனாக் போன்றவை சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் இரத்த அழுத்தத்தையும் கெடுக்கக்கூடும். சர்க்கரைக்கு மருந்து தொடங்கி அளவு இறங்கிய பின், எலும்பு மருத்துவர் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார். வலி ஓங்கிய கட்டத்தில் இது நல்ல பலன் தரும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறும். அதை முன்கூட்டியே சொல்லி, தினமும் பார்க்க வைத்தார்கள், ஏறியது, இறங்கியது. மயக்கம் கொடுத்துக் கையை வளைத்து விடுவிப்பதும், துளைவழி அறுவையில் உறையை வெட்டிவிடுவதும் உண்டு. பிரிட்டனில் 503 பேரிடம் நடத்தி 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வு இந்த இரண்டையும் ஊசியோடு கூடிய இயன்முறைப் பயிற்சியையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் இவற்றில் எதுவும் மற்றவற்றைவிடப் பொருட்படுத்தத்தக்க அளவு மேலானதாக இல்லை. அடகு வைக்க யோசித்த காடு அண்ணனிடமே இருக்கிறது.

பயிற்சிகள் பார்வைக்கு மிக எளிமையானவை. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோயுள்ள கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அதைச் சிறு வட்டங்களாக ஆடவிடுவது காட்மனின் பெயரால் வழங்கும் பயிற்சி. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைத்து, ஒரு கோலின் இரு முனைகளையும் பிடித்து, வலது கையால் தள்ளி இடது முன்னங்கையை வெளியே திறக்கப் பழகுவது இன்னொன்று. சுவரில் விரல்களால் ஏறுவது பிறகு சேர்ந்தது. ஒரே மூச்சில் செய்யாமல், நாளில் நாலைந்து வேளை சில நிமிடங்கள். செய்யும்போது இழுப்பு தெரியலாம். அந்த வலி நீடித்து இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். இரவையே அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொன்ன இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலையிடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். செக்கிங் மேசை நங்கையின் உயரத்துக்குச் சற்று அதிகம். நிற்கப் பலகை கேட்பதற்கு அவர் தயங்கினார்; பார்த்து முடிக்கும் உருப்படிகள் குறைந்துவிட்டால் பேச்சு வருமே என்ற பயம். கடைசியில் கேட்டார், பலகை போட்டுக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் ஒன்றைக் கேட்க முடியாமல் எத்தனை பெண்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது.

கால் பார்க்கிறோம், கண் பார்க்கிறோம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு, அதாவது வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, நீரிழிவு இருப்பதாக 2023-இல் தெரிவித்தது. நங்கையைப் போலத் தெரியாமலே இருப்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சர்க்கரை என்றதும் காலில் புண் இருக்கிறதா, கண் பார்த்தீர்களா, சிறுநீரகம் எப்படி என்று இப்போது எல்லோரும் கேட்கப் பழகிவிட்டோம். அது பெரிய முன்னேற்றம். தோளை யாரும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது, இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் சகோதரி, முழங்கையை விலாவோடு ஒட்டிக் கைகளை வெளியே திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தால், திறக்காத கையை அதே திட்டத்தின் இயன்முறை மருத்துவரிடம் முதல் கட்டத்திலேயே சேர்த்துவிடலாம். கருவி வேண்டாம், செலவு இல்லை. தோள் வலி என்று வருபவரிடம் சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்பதும் அதேபோல எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாக வேண்டும்.

நங்கை இப்போது இரண்டு கைகளாலும் கொண்டை போடுகிறார். முதுகுக்குப் பின்னால் கை இடுப்பு வரைதான் போகிறது. அது வர இன்னும் மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். உறைதோள் ஒரு பக்கம் தணிந்த சில ஆண்டுகளுக்குள் மறுபக்கமும் சிலருக்கு வருவதுண்டு. ஆகவே மூன்று மாதத்துக்கொருமுறை சர்க்கரை பார்க்கப் போகும் நாளில் வலது கையையும் திறந்து பார்த்துக்கொள்கிறார். அவருடைய செக்கிங் மேசையில் உள்ள மற்ற பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒருவருக்கு இடது கை பாதியில் நின்றிருக்கிறது. அந்தப் பெண்ணைச் சர்க்கரைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகப் போன வாரம் போனில் சொன்னார்.